தனி உலை

வரைபடத்தை முதலில் போட்டது நான்தான். தேர்வறையில் மிஞ்சிய வெள்ளைத்தாள் ஒன்றில், பென்சிலால். 20 அடிக்கு 12 அடி. எங்கள் வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஓர் அறை, அதற்குள்ளேயே கழிப்பறை, அறையிலிருந்து பெரிய வீட்டு அடுப்படிக்குள் நுழைய ஒரு கதவு. அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தம்பி வீட்டை மாடி எடுத்துக் கட்டப்போகிறான். அந்தக் கையோடு அம்மாவுக்கும் கீழே ஓர் இடம் கட்டிவிடலாம் என்று பேச்சு. "அவுட்ஹவுஸ் மாதிரிக்கா" என்றான். வாசலில் படி கூடாது, கதவு மூன்றடி அகலம் வேண்டும், கழிப்பறைச் சுவரில் பிடித்து எழக் கம்பி வேண்டும், வழுக்காத ஓடு வேண்டும் என்று படித்ததையெல்லாம் அந்தத் தாளில் சேர்த்திருந்தேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அடுப்பு எங்கத்தா?"

"சோறு பெரிய வீட்லேர்ந்து வந்துரும்மா. முட்டியை வச்சுக்கிட்டு நீ எதுக்குச் சமைக்கணும்?"

"சோறு வரும். அடுப்பு எங்கன்னு கேட்டேன்."

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். பாம்பனில் இறங்கி இராமேசுவரம் போகிற சாலையில் முதலில் அக்காள்மடம், அடுத்து நாங்கள். பெயருக்கு ஒரு கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜயரகுநாத சேதுபதி தன் இரு மகள்களையும் ஒருவனுக்கே கட்டிக்கொடுத்து, பாம்பன் துறையின் பொறுப்பையும் அவனிடம் விட்டாராம். அவன் இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களிடம் வரி பிடுங்கினான் என்று தெரிந்ததும் மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை விதித்தாராம். இரண்டு பெண்களும் உடன்கட்டை ஏறினார்கள். அக்காள் நினைவாக ஒரு மடம், தங்கச்சி நினைவாக ஒரு மடம். பள்ளியில் இதை மன்னரின் நீதி தவறாமைக்குச் சான்றாகச் சொல்லித்தந்தார்கள். மகள்கள் உயிரோடு இருந்திருந்தால் எங்கே இருந்திருப்பார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை, நானும்தான். தகப்பன் கட்டிய மடம் அவர்கள் எரிந்த பிறகு வந்தது, தங்கியது வழிப்போக்கர்கள்.

இது வெறும் கதையாகவே இருக்கலாம். ஆனால் கதையைப் பெற்ற மண் அப்படித்தான் இருந்தது. 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையேறியதாக அக்காலத்து யேசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பு, புறநானூற்றின் 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு தன்னைத் தடுக்க வந்த சான்றோரிடம் பேசுகிறாள். நெய்யில்லாத உணவு, பாயில்லாத கல் படுக்கை, இவற்றோடு வாழும் கைம்மை வாழ்வை ஒவ்வொன்றாய்ச் சொல்லி, அதைவிட ஈம நெருப்பு எனக்குக் குளிர்ந்த குளம் போன்றது என்கிறாள். இந்தப் பாட்டைக் கற்பின் உச்சம் என்று இருபது ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எடுத்தேன். இப்போது மாணவிகளிடம் அந்த உணவையும் படுக்கையையும் மட்டும் தனியே எடுத்து எழுதச் சொல்கிறேன். கணவன் போன பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன மிச்சம் என்ற பட்டியல் அது.

எங்கள் அப்பத்தாவிடம் அந்தப் பட்டியல் கொஞ்சம் நீண்டிருந்தது. பாய் இருந்தது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு மறுவருஷம் தாத்தா இறந்தார். வீட்டுக்குப் பின்னால் பனையோலை வேய்ந்த அடுக்களைக் குடிசை ஒன்று தனியே இருக்கும். ஓலை வீட்டில் தீப்பிடிக்கும் பயத்தால் இந்தப் பக்கம் அடுப்பை வீட்டைவிட்டுத் தள்ளி வைப்பது வழக்கம். தாத்தா போனபின் அப்பத்தாவின் பெட்டி அங்கே போனது. பிறகு அப்பா ஓட்டு வீடு கட்டி, உள்ளேயே அடுப்படி வைத்ததும் குடிசையில் அடுப்பு அணைந்தது. அப்பத்தா மட்டும் அங்கேயே இருந்தாள். "அப்பத்தா எங்கே?" என்று யாராவது கேட்டால் "பின்னாடி இருக்கா" என்போம். 26 வருஷம் பின்னாடி இருந்தாள். 1991இல் அங்கேயே இறந்தாள். அப்பா அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று வேளையும் சோறு போகும், கொண்டுபோய் வைத்தது நான். தட்டை வாங்கிக்கொண்டு, "உங்க அம்மா என்ன வச்சிருக்கா?" என்று கேட்பாள். தனக்கு என்ன சமையல் என்பது தட்டு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

அப்பத்தாவை யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சட்டத்தை வாசித்தபின் அது அவ்வளவு எளிதாக இல்லை.

பழைய இந்துச் சட்டத்தில், மகன் இருக்கும்போது விதவைக்குச் சொத்தில் பங்கில்லை. ஜீவனாம்சமும் குடியிருக்க இடமும் மட்டும். 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவனின் பங்கை அவளுக்குக் கொடுத்தது, ஆயுள்வரைக்கும் மட்டும். அனுபவிக்கலாம், தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச்சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு என்றது. தாத்தா இறந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. அதாவது அப்பத்தா அந்த வீட்டின் பங்காளி. சோறு போட்டுக் காப்பாற்ற வேண்டிய ஆள் அல்ல.

ஆனால் அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று வைத்திருந்தார்கள். குடியிருக்கும் வீட்டில் பெண்ணுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை அவள் பிரித்துக்கேட்க முடியாது. குடியிருக்கலாம். மகளென்றால் அதுவும்கூட மணமாகாதவளாக, கணவன் கைவிட்டவளாக, பிரிந்தவளாக அல்லது விதவையாக இருந்தால் மட்டும். நிலத்தைப் பிரித்துக் கேட்கலாம், வீட்டைக் கேட்கக்கூடாது. சுவர் எங்கே வரவேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று ஆண்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். 1989இல் தமிழ்நாடு மகள்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளிகளாக்கியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். 23ஆம் பிரிவு 2005 செப்டம்பரில்தான் நீங்கியது. அப்பத்தா இறந்து 14 வருஷத்துக்குப் பிறகு. அவளுக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. தெரியாமலே இருவரும் அதன்படியே நடந்திருக்கிறார்கள்.

தெரிந்துகொண்டு வழக்காடிய ஒருத்தியும் இருந்தாள். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம் துளசம்மா. 1931இல் கணவர் இறந்தார். கணவரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் சேஷ ரெட்டியிடம் ஜீவனாம்சம் கேட்டு 1944இல் நீதிமன்றம் போனாள். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. 1949இல் சமரசம்: சில சொத்துகளை ஆயுள்வரை அனுபவித்துக்கொள், விற்காதே. 1960இல் துளசம்மா ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டாள், 1961இல் ஒரு பகுதியை விற்றாள். சேஷ ரெட்டி வழக்குப் போட்டார். அவர் வாதம் நமக்கெல்லாம் பழகிய வாதம்தான்: உனக்கு இருக்கத்தானே கொடுத்தோம். 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஜீவனாம்சம் என்பது யாரும் இரங்கிக் கொடுப்பதல்ல, அவளுக்கு ஏற்கெனவே உள்ள உரிமை. அதற்கு ஈடாக வந்த சொத்து 1956 சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அவளுக்கே முழுச்சொத்து. கணவர் இறந்து 46 வருஷம். சட்டக்கல்லூரியில் இவள் பெயர் ஒரு வழக்கின் பெயராகப் படிக்கப்படுகிறது. நான் அவளை, இருக்கக் கொடுத்த இடத்தைத் தன்னுடையது என்று சொல்லி விற்றுக்காட்டிய கிழவியாக நினைத்துக்கொள்கிறேன். விற்றபோது அவளுக்கு என்ன வயது என்று தீர்ப்பில் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் "கிழவி" என் கற்பனை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு இவ்வளவு படிக்கணுமா? காயல்காரிகளைக் கேட்டா சொல்வாளுகளே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். எங்கள் மாவட்டத்துக் கீழக்கரையிலும், இதே கடற்கரையில் தெற்கே காயல்பட்டினத்திலும் முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு மகள் வழியில் போகும். அங்கே வயதான தாய் தன் மகளோடு, தான் பிறந்து வளர்ந்த சுவர்களுக்குள்ளேயே மூப்படைகிறாள். யார் வீட்டில் யார் ஒட்டியிருப்பது என்ற கேள்வியே திரும்பி நிற்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதுபோல் உண்டு. 1914 முதல் அந்தப் புயல்வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன ஊர்க்காரர்கள் நாங்கள். போர்க்காலத்தில் அங்கிருந்து படகில் வந்து இறங்கியவர்களையும் கண்டவர்கள். மண்டபம் முகாமிலிருந்து மல்லிகைப் பாத்தியில் வேலைக்கு வந்த கிழக்கிலங்கை அக்கா ஒருத்தி, "எங்கட ஊரில வீடு மகளுக்குத்தான். தாய் தேப்பன் பக்கத்தில சின்னதாக் கட்டிக்கொண்டு போயிருவினம்" என்று சொன்னபோது அம்மா நாற்றுக் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம். மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் முறை. மகள் கல்யாணத்தில் வீட்டை அவள் பெயருக்கே எழுதிவிட்டு, பெற்றவர்கள் அதே வளவுக்குள் இன்னொரு சிறிய வீட்டுக்கு மாறுவார்கள். இதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. வீடு கட்டிக்கொடுக்க முடியாததால் மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போவதும் அங்கேதான் நடக்கிறது. அதற்காகக் குடும்பமே ஓடாய்த் தேய்கிறது. ஆனாலும் அந்தச் சிறிய வீட்டுக்குப் போகிறவள், பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவள். எங்கள் அப்பத்தா அப்படிப் போகவில்லை.

வெளிநாட்டில் இதற்குப் பெயரே இருக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கிரானி ஃபிளாட் என்கிறார்கள். ஜப்பானில் முதியவர்கள் குடும்பப் பொறுப்பை விட்டுத் தனிக்கட்டுக்கு மாறுவதை இன்க்யோ என்றார்கள். மாமியார் சோற்று அகப்பையை மருமகளிடம் கொடுத்தால் வீட்டதிகாரம் கைமாறியதாகப் பொருள். எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மானிய உழவர்கள் வழக்கம். நிலத்தை மகனிடம் ஒப்படைக்கும் பெற்றோர், ஆல்டன்டைல் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். தங்களுக்கு எந்த அறை, ஆண்டுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பால், எவ்வளவு விறகு, தோட்டத்தில் எந்தப் பாத்தி என்று அதில் வரிசையாக இருக்கும். பெற்ற பிள்ளையோடு இப்படியா என்று நமக்குக் கூசும். அப்பத்தாவிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் தட்டைத் திறக்குமுன் தெரிந்திருக்கும்.

தமிழில் இதற்குப் பெயர் தேடி நானும் அம்மாவும் ஒரு மாலை முழுக்கச் சிரித்தோம். பெரிய வீட்டுக்குப் பக்கத்தில் கட்டுவது சின்ன வீடு. "எழுபது வயசுல என்னையச் சின்ன வீடா வைக்கப் போறீகளா?" என்றாள். பாக்யராஜ் 1985இல் அந்தப் பெயரில் படமே எடுத்துவிட்டார். ஒரு பெண் தனியாக ஒரு சிறு வீட்டில் இருந்தால் அவள் யாரோ ஒருவனின் இரண்டாமவள் என்பதுதான் நம் மொழியின் முதல் நினைப்பு.

சிரிப்பு அடங்கியதும் தம்பி கொண்டுவந்த தாள்களை எடுத்துக் காட்டினாள். விடுதலைப் பத்திரம். மாடி கட்ட வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். வீடு ஒரே பெயரில் இருந்தால் சுலபம் என்றிருக்கிறார்கள். அப்பா 2019இல் உயில் எழுதாமல் இறந்தார். அந்த இடம் அப்பா சம்பாதித்து வாங்கியது. கட்டடத்துக்கு அம்மாவின் ஒன்பது பவுன் போனது, அது எந்தப் பத்திரத்திலும் இல்லை. வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள்: அம்மா, நான், தம்பி. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நானும் அம்மாவும் எங்கள் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அந்தப் பத்திரம் சொன்னது. பதிலுக்கு அம்மாவுக்கு 240 சதுர அடி அறை. அது பத்திரத்தில் இல்லை, பேச்சில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் சொந்தப் பங்கின் மேல், தன்னுடையதல்லாத ஓர் அறையை அம்மாவுக்குத் தரப்போகிறோம். அந்த அறைக்கு அடுப்பில்லாமல், பெரிய வீட்டு அடுப்படிக்குள் திறக்கும் ஒரே கதவோடு வரைபடம் போட்டது முனைவர் பட்டம் வாங்கிய மகள். ஓலைக்குப் பதில் கான்கிரீட். தட்டு கொண்டுபோய் வைக்க நடக்கவேண்டிய தூரத்தைக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான்.

2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்று ஒரு தோழி சொன்னாள். இருக்கிறது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். ஆனால் நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் தாய் தன் மகனைக் கூண்டில் நிறுத்தி நிரூபிக்க வேண்டும். என் தம்பி கெட்டவன் இல்லை. அம்மாவுக்கு ஊசி போடத் தினமும் அவன்தான் வண்டியில் கூட்டிப்போகிறான். அப்பாவும் கெட்டவர் இல்லை.

அம்மா கையெழுத்துப் போடவில்லை. தன் பங்கில் மேற்குப் பக்கத்தைத் தனியே பிரித்துத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, மீதியை விட்டுத்தருகிறேன் என்றாள். நானும் என் பங்கை அதே நிபந்தனையில் விடுகிறேன் என்றேன். தம்பி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சொத்தைவிட அவனுக்குத் தைத்தது அடுப்புதான். "நான் இருக்கையில அம்மா தனி உலை வச்சா ஊரு என்னக்கா பேசும்?" தனி உலை என்றால் மகன் சோறு போடவில்லை என்று அர்த்தம். ஆனால் எங்கள் மாவட்டத்தோடு ஒருகாலத்தில் சேர்ந்திருந்த செட்டிநாட்டில், அத்தனை பெரிய வளவுக்குள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனிச் சமையல்தான். அதற்கு "வேறு வைத்தல்" என்று சடங்குபோல் பெயரும் உண்டு. மகன் தனியாக உலை வைத்தால் நிர்வாகம், தாய் வைத்தால் அவமானமா என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

அம்மாவின் காரணங்கள் என்னுடையவை போல் வரலாற்றிலிருந்து வந்தவை அல்ல. அவளுக்கு இரவு பத்து மணிக்குச் சுக்குத்தண்ணி வேண்டும், யாரையும் எழுப்பக் கூடாது. கருவாட்டுக் குழம்பு வேண்டும். மருமகளுக்கு அந்த வாடை ஆகாது. மல்லிகை நாற்று வாங்க ஆள் வந்தால் அவளே ஒரு டீ போட்டுக்கொடுக்க வேண்டும். தங்கச்சிமடத்து மணலில் வேர்விட்ட பதியன்கள்தான் மதுரைப்பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் போகின்றன; முப்பது வருஷமாக அந்த வியாபாரத்தைப் பேசி முடிப்பது அம்மா. டீ கேட்டு இன்னொருத்தி அடுப்படிக்குள் போய் நிற்கிறவளிடம் வியாபாரி விலையைக் குறைத்துத்தான் பேசுவான் என்பது அவள் கணக்கு. கூடவே இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் தனிக் குடும்ப அட்டை வேண்டுமென்றால் தனிச் சமையலறை இருக்க வேண்டும், வந்து பார்ப்பார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். எங்கள் வீட்டு அட்டையில் அது தம்பி மனைவிக்கு வருகிறது. அவளுக்கும் அது வேண்டியதுதான். அரசாங்கக் கணக்கில் குடும்பம் என்பது ஓர் அடுப்பு. அடுப்பில்லாதவள் அடுத்தவள் அட்டையில் ஒரு பெயர்.

மூன்றாவது வரைபடம் அம்மா சொல்லச் சொல்ல நான் போட்டது. அளவு அதே 20க்கு 12. கதவு தெருச் சந்தைப் பார்த்து. பெரிய வீட்டுக்குப் போக ஒரு கதவு, தாழ்ப்பாள் அம்மா பக்கம். வடக்கு மூலையில் மேடை அடுப்பு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து சமைக்கிற உயரத்தில். உப்புக்காற்றில் இரும்பு இரண்டே வருஷத்தில் பொரிந்துவிடும், அதனால் ஜன்னலுக்கும் கழிப்பறைக் கம்பிக்கும் துருப்பிடிக்காத எஃகு. படி கிடையாது, சாய்தளம். ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது.

"வாசல்ல ஒரு திண்ணை போடச் சொல்லுத்தா. ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி."

நான் பார்த்த வீடுகளில் திண்ணை தாத்தாக்களுடையது. கிழவிகள் கொல்லைப்படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

போன வாரம் கொத்தனார் வந்து சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டார். தம்பியும் வந்து நின்றான், என்னைப் பார்க்காமல். மேற்குக் கோடு பதியன் பாத்திக்குள் இரண்டடி ஏறிவிட்டது. அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு போய், காலால் அந்தக் கோட்டை அழித்தாள். "பாத்தியத் தொடாதீக. இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க." தள்ளினால் தம்பியின் மாடிப்படிக்கு இடம் குறையும். கொத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி, "அம்மாகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பத்திரம் இன்னும் பதிவாகவில்லை.